டெஸ்மண்டின் ஆக்ஸில்

பிப்ரவரி 3, செவ்வாய்

இன்று நான் சொல்லாதது: "அது உங்கள் ஆக்ஸில் இல்லை, டெஸ்மண்ட்."

ஐந்தே சொல். வாயைத் திறந்தேன், சத்தியமாகத் திறந்தேன். திறந்த வாயைப் பார்த்ததும் க்ளெனிஸ் இஞ்சி பிஸ்கட் தட்டை நீட்டிவிட்டார். வாயில் பிஸ்கட் இருக்கும்போது சொல்லாமல் விட்டது பொய்யில் சேருமா? சட்டப் புத்தகங்களின் கடைசியில் வரும் பொருளடைவைத் தயாரித்துச் சம்பளம் வாங்குகிறவள் நான். 'மௌனம்' என்று தேடினால் 'பொய்' பார்க்க என்று இருக்கும். 'பிஸ்கட்' என்று எங்குமே இல்லை.

நடந்தது இவ்வளவுதான். குட்டி இயந்திரங்கள் செய்கிறவர்கள் கூடும் ஹார்க்ஸ்பி கழகத்தின் செவ்வாய்க் கூட்டத்தில் என் பம்பரத்தை மேசைமேல் வைத்தேன். எஃகில் நான் கடைந்த முதல் உருப்படியான பொருள். கைக்குக் கை போயிற்று. நோரிஸ் ஓய்வு பெற்ற நில அளவையாளர், இதுவரை எதையும் புகழ்ந்தவர் இல்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார், மாட்டிக்கொண்டும் பார்த்தார்.

"இதுல என் மூக்கு தெரியுதே!"

"உன் மூக்கு எதுலதான் தெரியாது," என்றார் க்ளெனிஸ். அவர் கழகச் செயலாளர். நாற்பது வருடம் பல் டாக்டராக இருந்ததால் மற்றவர் முகத்தைப் பற்றிக் கூச்சமில்லாமல் பேசுவார்.

அப்போதுதான் டெஸ்மண்ட் எழுந்தார். "அது என் ஆக்ஸில்! அம்பத்தெட்டாம் வருஷத்து லாரியோட சக்கர அச்சு! கிறிஸ்துமஸுக்கு நான்தான் குடுத்தேன். இல்லையா கண்ணு?"

கொடுத்தது உண்மை. நாளிதழில் சுற்றி, கைக்குழந்தையை ஏந்துவதுபோல் ஏந்தி வந்து கொடுத்தார். அதை மூன்று வார இறுதிகள் என் லேத்தில், அதாவது கடைசல் இயந்திரத்தில், பூட்டிப் பார்த்தேன். வெட்டும் டூல் அலறியது. முனை மழுங்கியது. சாணை பிடித்தேன். மறுபடி அலறியது. ஆக்ஸில் மட்டும் அப்படியே இருந்தது, கொஞ்சம் பளபளப்பாக. கடைசியில் ஈயம் கலந்த புது எஃகுக் கம்பி ஒன்றைத் தபாலில் வரவழைத்தேன். வெண்ணெய்! சீவல் தூறல் மாதிரி உதிர்ந்தது. அட்டைக்குழாயில் அலுவலகத்துக்கு வந்த கம்பியைப் பார்த்து என்ன என்று கேட்டவர்களிடம் 'போஸ்டர்' என்றேன்.

கழகத்தில் கடைக் கம்பி என்பது ஹோட்டல் குழம்பைத் தன் கைச்சமையல் என்று பரிமாறுவது மாதிரி. பம்பரப் போட்டியின் ஏழாம் விதி தெளிவாகச் சொல்கிறது: 'உலோகத்துக்கு ஒரு முன்வாழ்க்கை இருந்திருக்க வேண்டும்.' செத்த கார், உடைந்த கட்டில், எதுவானாலும் சரி. போட்டி மார்ச் 21. அதற்கு மூன்றாம் நாள் ஆண்டுக் கூட்டம். என் ஆறு மாதத் தற்காலிக உறுப்புரிமை அன்றோடு முடிகிறது. என்னை முழு உறுப்பினராக்கக் கை தூக்குவார்கள், அல்லது தூக்கமாட்டார்கள்.

தூக்காவிட்டால்? கீழே குடியிருக்கும் வீட்டுக்காரம்மா மிசஸ் ஆல்சாப், என் சமையலறை மேசையில் அலறும் லேத் மார்ச் 31க்குள் வெளியேற வேண்டும் என்று கடிதம் எழுதிவிட்டார். கழகக் கொட்டகையில் சொந்த லேத்தை வைக்க முழு உறுப்பினருக்குத்தான் அனுமதி. கை தூக்காவிட்டால் லேத்தை விற்கத்தான் வேண்டும். மூன்று வருடம் தேடி வாங்கிய சின்ன லேத்!

அடுத்த செவ்வாய் சொல்லிவிடுவேன்.

பிப்ரவரி 10, செவ்வாய்

சொல்லவில்லை. சொல்லும் நிலைமை இல்லை.

நோரிஸ் டெஸ்மண்டிடம் போய், தரையைப் பார்த்தபடி, "அந்த ஆக்ஸில்ல கொஞ்சம் மிச்சம் இருக்குமா?" என்று கேட்டுவிட்டார். டெஸ்மண்டின் காது சிவந்துவிட்டது. மீதி ஆக்ஸில் முழுவதையும் அறுத்துக் கொண்டுவந்து எட்டுப் பேருக்கும் ஆளுக்கொரு துண்டு கொடுத்தார், கல்யாண கேக் மாதிரி.

"மூணு ரம்பம் போச்சு," என்றார் பெருமையாக. "நல்ல இரும்புன்னா அப்படித்தான் கண்ணு."

அவருக்கு எல்லோரும் 'கண்ணு'தான். நோரிஸ்கூட.

பிப்ரவரி 14, சனி

நோரிஸ் தொலைபேசினார். காதலர் தினத்தில் எனக்கு வந்த ஒரே அழைப்பு.

"எந்த வேகத்துல ஓட்டுன?"

"மெதுவா."

"மெதுவான்னா?"

"ரொம்ப மெதுவா."

"என்ன எண்ணெய் ஊத்துன?"

இங்கே நான் நிறுத்தியிருக்கலாம். ஆனால் படித்த பாவம் விடுமா? நூறு வருடத்துக்கு முந்தைய பட்டறைக் கையேட்டில் பார்த்தது ஞாபகம் வந்து, "பன்றிக்கொழுப்பு," என்றேன்.

 மறுமுனையில் அவர் எழுதிக்கொள்ளும் சத்தம்.

பிப்ரவரி 17, செவ்வாய்

கொட்டகை முழுக்கப் பன்றிக்கறி பொரிக்கும் காலைச் சாப்பாட்டு வாசனை. நான்கு லேத்திலும் பன்றிக்கொழுப்பு. க்ளெனிஸின் நாய் பிஸ்மார்க், நோரிஸின் லேத்தை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நக்கிச் சுத்தம் செய்தது. யாரும் தடுக்கவில்லை. சுத்தமாகத்தான் இருந்தது.

"ஆக்ஸில் எப்படிப் போகுது?" என்று டெஸ்மண்ட் ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டே வந்தார்.

"அருமையான இரும்பு," என்றார் க்ளெனிஸ்.

"நல்லா வெட்டுது," என்றார் நோரிஸ்.

எட்டுப் பேரும் இதையேதான் சொன்னார்கள். யாரும் தங்கள் பம்பரத்தைக் கொண்டுவந்திருக்கவில்லை.

பிப்ரவரி 18, புதன்

அப்படியானால் தப்பு என் கையில்தானா?

பிப்ரவரி 28, சனி

நாள் முழுக்க ஆக்ஸில். மெதுவாக ஓட்டினேன், வேகமாக ஓட்டினேன், என் பொய்யை நானே நம்பிப் பன்றிக்கொழுப்பும் தடவினேன். நான்கு மணிக்கு மிசஸ் ஆல்சாப் கதவைத் தட்டினார்.

"ஏம்மா, உள்ளே ஏதாவது பன்னியை அறுக்குறியா?"

"இல்லைங்க. ஏன்?"

"சத்தமும் அப்படி, வாசனையும் அப்படி. அதான் கேட்டேன்."

நோரிஸுக்கு வெட்டுகிறது. நாற்பது வருடம் பல் பிடுங்கிய க்ளெனிஸுக்கு வெட்டுகிறது. எனக்கு மட்டும் ஏன் வெட்டவில்லை? இத்தனை புத்தகம் படித்து, எஃகில் எந்தக் கலவை எத்தனை பங்கு என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேனே! லேத்துக்கு நான் தகுதியில்லையோ என்னவோ. தகுதியில்லாதவளின் லேத் எங்கே இருந்தால் என்ன – இல்லை, இப்படி நினைக்கக் கூடாது. போய்க் கையைக் கழுவு.

மார்ச் 3, செவ்வாய்

இன்று தயாராகப் போனேன். கோட்டுப் பையில் எழுதிய காகிதம்கூட இருந்தது. டெஸ்மண்டைத் தனியே கூப்பிட்டு, "உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்," என்றேன்.

"நானும் உன்கிட்ட ஒண்ணு சொல்லணும் கண்ணு," என்றார். "ஒன்பது வருஷமா இந்தக் கழகத்துல இருக்கேன். இரும்பு வேணுமா, இரும்பு வேணுமான்னு நான்தான் எல்லார் பின்னாடியும் அலைஞ்சிருக்கேன். 'பழைய இரும்புக்காரன் வந்துட்டான்'னு சிரிப்பானுங்க. இப்போதான் முதல்முறையா அவங்களா வந்து கேட்டாங்க. உன்னாலதான். சரி, நீ என்ன சொல்ல வந்த?"

"டீ போடட்டுமா?" என்றேன்.

பால் விட்டு, இரண்டு சர்க்கரை. அந்தக் காகிதத்தை டீ வடிந்த தரையைத் துடைக்கப் பயன்படுத்தினேன்.

மார்ச் 7, சனி

நோரிஸிடம் இரவல் வாங்கிய புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். வாசலில் குடை வைக்கும் தொட்டியில் நீளமாக ஓர் அட்டைக்குழாய் நின்றது.

"அது என்ன?"

"போஸ்டர்," என்றார்.

"என்ன போஸ்டர்?"

கொஞ்சம் யோசித்தார். "பூனை."

எழுபத்திரண்டு வயது மனிதர் தனியாக இருக்கிறார். பூனைப் படம் மாட்டிக்கொள்கிறார். மனம் நெகிழ்ந்துவிட்டது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவரைப் பற்றி நல்லவிதமாக நினைத்துக்கொண்டே வந்தேன்.

மார்ச் 10, செவ்வாய்

"பூனை எப்படி இருக்கு?" என்று பரிவாகக் கேட்டேன். எந்தப் பூனை என்றார்.

மார்ச் 21, சனி

நடந்ததை வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

பத்துப் பம்பரங்கள், ஒரே வரிசையாகப் பச்சைத் துணிமேல். பக்கத்தில் அவற்றைச் சுழற்றிவிட டெஸ்மண்டின் முகச்சவரக் கண்ணாடி, குழிந்த பக்கம் மேலாக. ஒன்பது பம்பரங்கள் வெள்ளி மாதிரி மின்னின, என்னுடையதும் சேர்த்து. ஒன்பதும் ஒரே பருமன். பத்தாவது டெஸ்மண்டுடையது, சாம்பல் நிறம், வரிவரியாக.

டெஸ்மண்ட் வரிசையைப் பார்த்தார். தன்னுடையதைப் பார்த்தார். முகம் வாடிவிட்டது. க்ளெனிஸின் பம்பரத்தை எடுத்து, காம்பின் நுனியை வெளிச்சத்தில் திருப்பினார். அங்கே ஒரு துளி ரோஸ் பெயிண்ட்.

"என் லாரிக்கு ரோஸ் பெயிண்ட் எப்போ அடிச்சாங்க?"

 எனக்கு அந்த ரோஸ் தெரியும். இன்ன ரகம் என்று காட்ட, கம்பி நுனியில் கடைக்காரர்கள் பூசும் நிறம். என் வீட்டுக் குப்பைக்கூடையில் கிடக்கும் நுனியிலும் அதே ரோஸ்தான். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. எட்டுப் பேரும்! ஆளுக்கோர் அட்டைக்குழாய்!

எழுந்தேன். பிஸ்கட் தட்டு தூரத்தில் இருந்தது.

"டெஸ்மண்ட், என்னோடதும் ஆக்ஸில் இல்லை. அன்னிக்குக் காட்டினதும் இதைத்தான். கடையில வாங்கின கம்பி. உங்க ஆக்ஸில்ல என்னால ஒரு நூல்கூட இறக்க முடியலை."

 நோரிஸ் தொண்டையைச் செருமினார். "அந்தப் பூனை போஸ்டர்…"

"தெரிஞ்சுபோச்சு," என்றேன்.

"எனக்குப் பூனையே பிடிக்காது," என்றார், பாரத்தை இறக்கிவைத்தவர் மாதிரி. "என்னோடதும் கடைக் கம்பிதான்."

"என்னோடதும்," என்றார் க்ளெனிஸ். அப்புறம் வரிசையாக எல்லோரும். கடைசியில் க்ளெனிஸ் என் பக்கம் திரும்பினார். "அப்போ அந்தப் பன்னிக்கொழுப்பு?"

"அதுவும் பொய்தான்."

"அடிப்பாவி, என் நாய் ரெண்டு கிலோ ஏறிடுச்சுடி!"

டெஸ்மண்ட் மட்டும் க்ளெனிஸின் பம்பரத்தை வரிசையில் திருப்பி வைத்தார். போச்சு, என்று நினைத்தேன். லேத்தும் போச்சு, இந்த மனுஷனும் போச்சு. ஏன் அன்றைக்கே வாயைத் திறந்து – அவர் தன் சாம்பல் பம்பரத்தை எடுத்து மெல்ல உருட்டினார்.

"இதுவும் ஆக்ஸில் இல்லை," என்றார்.

"பின்னே?"

"மோரீனோட உடற்பயிற்சி டம்பெல்." மோரீன் அவர் மனைவி. "வீடு பூராத் தேடிக்கிட்டிருக்கா. ஒன்பது வருஷமா அந்த ஆக்ஸிலோட மல்லுக்கட்டறேன், ஒரு சுருள் விழுந்ததில்லை. வெறுத்துப்போய்தான் இந்தப் பொண்ணு தலையில கட்டினேன். இவ அதைக் கண்ணாடியாக் கடைஞ்சு கொண்டுவந்தான்னதும் எனக்குச் சோறு இறங்கலை. நான் அவ்வளவு மோசமான்னு."

"அப்போ எங்களுக்கு ஏன் குடுத்த?" என்றார் நோரிஸ்.

"நீயும் தோக்குறியான்னு பாக்கத்தான் கண்ணு."

முதலில் சிரித்தது நோரிஸ்தான். அவர் சிரித்து நான் பார்த்ததே இல்லை. ஒரு பக்கமாகத்தான் சிரிக்கிறார்.

பிறகு க்ளெனிஸ் விதிப்புத்தகத்தைத் திறந்தார். எட்டாம் விதி: ஏழாம் விதியை மீறியவர் தற்காலிக உறுப்பினராகிவிடுவார். அவரை மறுபடி சேர்ப்பதா என்று ஆண்டுக் கூட்டத்தில் முழு உறுப்பினர்கள் தீர்மானிப்பார்கள்.

"டம்பெல்லும் செல்லாது," என்றார் நோரிஸ். "மோரீன் இன்னும் தேடுறாங்கன்னா அதுக்கு இருக்கறது முன்வாழ்க்கை இல்ல, நடப்பு வாழ்க்கை."

"பத்து வருஷமா அதை அவ தூக்கினதே இல்லை. தேடறதோட சரி."

செல்லும் என்று தீர்ப்பானது. டெஸ்மண்டின் பம்பரம் கண்ணாடிமேல் ஒன்பது விநாடி சுழன்று, தள்ளாடி வெளியேறி, நோரிஸின் டீயில் விழுந்தது. வெற்றிக் கோப்பை டெஸ்மண்டுக்கு.

கழகத்தில் இப்போது ஒரே ஒரு முழு உறுப்பினர்தான்.

மார்ச் 24, செவ்வாய்

ஆண்டுக் கூட்டம். ஒன்பது பேர் ஒரு பக்கம். எதிரே ஒற்றை நாற்காலியில், டை கட்டிக்கொண்டு, டெஸ்மண்ட்.

ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். அவசரமே படவில்லை. நடுவில் கேக் சாப்பிட்டார்.

"நோரிஸ். போன வருஷம் என் நீராவி எஞ்சினைப் பாத்து 'ஓடுற வாளி'ன்னு சொன்னியே?"

"சொன்னேன்."

"இப்போ என்ன சொல்ற?"

நோரிஸ் கூரையைப் பார்த்தார். "ஓடுற எஞ்சின்."

டெஸ்மண்டின் கை உயர்ந்தது.

என்னைக் கடைசிக்கு வைத்திருந்தார். நான் எழுந்து நின்றேன். சிரிப்பு வரவில்லை.

"ஏன் கண்ணு அன்னிக்கே சொல்லலை?"

"நீங்க எழுந்து நின்னீங்க. உங்க முகம் அவ்வளவு… அதுக்கப்புறம் எனக்கு வாய் வரலை."

 அவர் கை மடியிலிருந்து ஓர் அரை அடி உயர்ந்தது. நின்றது.

"உன் லேத் எவ்வளவு கனம்?"

"நாப்பது கிலோ."

"மாடிப்படி எத்தனை?"

"பத்தொன்பது."

கை இறங்கிவிட்டது. 

"நோரிஸ் ஒரு பக்கம் பிடிச்சா தூக்கறேன்."

"இப்போதான் உறுப்பினராச் சேர்த்தே, அதுக்குள்ள கூலி வேலையா?" என்றார் நோரிஸ்.

"பிடிப்பியா, மாட்டியா?"

"பிடிச்சுத் தொலைக்கிறேன். கையைத் தூக்குய்யா!"

தூக்கினார்.

மார்ச் 28, சனி

காலை பத்து மணிக்கு வேன் வந்தது. பத்தொன்பது படிக்கும் பத்தொன்பது விதமாகச் சண்டை போட்டுக்கொண்டு இருவரும் இறக்கினார்கள். லேத் இப்போது கொட்டகையின் கிழக்கு ஜன்னல் ஓரத்தில் இருக்கிறது.

மாலையில் மிசஸ் ஆல்சாப் படியேறி வந்து, சத்தமே இல்லையே, உடம்பு ஏதும் சரியில்லையா என்று கேட்டார்.