அப்பாவுக்குப் பத்தும் அளவு

அன்புள்ள அம்மாவுக்கு, சென்னையிலிருந்து பாரதி. உன் மூட்டுவலி தேவலையா? அப்பா தூங்குகிறார்.

அப்பாவின் பெரிய உடம்புக்கு என் ஈரலில் வெட்டிக் கொடுக்கும் துண்டு பத்தாதோ என்று, கம்பெனி கேன்டீனில் தினமும் இரண்டு ஆள் சாப்பாடு சாப்பிட்டேன். "ஈரல்ல கொழுப்புதாம்மா படியும், வாயைக் கட்டுங்க" என்று டாக்டர் திட்டியதில் வார்டே சிரித்தது. இப்போது கொழுப்பு கரைந்துவிட்டது.

குறைவாக எடுத்தால் அப்பாவுக்குப் பத்தாதாம். கூடுதலாக எடுத்தால் எனக்கு மிச்சம் பத்தாதாம். மிச்சம் வளர்ந்துவிடும் என்கிறார்கள்.

இங்கே வார்டில் ஏசி குளிர்கிறது. நீ கட்டிய புடவை ஒன்றைத் துவைக்காமல் சித்தப்பாவிடம் கொடுத்துவிடு.

நர்ஸ் கூப்பிடுகிறார். திங்கட்கிழமை ஆபரேஷன். அப்பா கடலுக்குக் கிளம்பும்போது, "எப்ப வருவீங்கன்னு கேக்கக் கூடாதுடி" என்று என் வாயைப் பொத்துவாயே. ஆபரேஷன் அன்று போனில் என்னிடமும் கேட்காதே அம்மா.

உன் பாரதி