கோவேறு கழுதையின் சமாதியில் உடைத்த தேங்காய்

கேட்டி, டெக்சாஸ்

அன்புள்ள தென்றலுக்கு, அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் உடம்பளவில் சௌக்கியம். நீயும் மாப்பிள்ளை கிரீஷும் ஈஸ்ட் பிரன்ஸ்விக் குளிரில் சளி, காய்ச்சல் இல்லாமல் இருக்க முருகன் துணை செய்யட்டும். போனில் பேசினால் நீ ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாய், பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரிவதில்லை, அதனால்தான் கடிதம். அம்மா கறிவேப்பிலைச் செடியைக் குளிருக்குப் பயந்து கராஜுக்குள் தூக்கி வைத்துவிட்டு இப்போது முழங்கால் வலி என்கிறாள். நான் சொன்னால் கேட்பவர்கள் இந்த வீட்டில் யாரும் இல்லை.

தாங்க்ஸ்கிவிங் அன்று நடந்தது உனக்கு மறந்திருக்கும். எனக்கு மறக்கவில்லை. பிளம் கிராசிங் ஊரின் கதை உனக்குத் தெரியாததல்ல, சின்ன வயதில் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டவள்தானே நீ. ரயில் பாதை ஊரை விட்டுத் தள்ளிப் போனதும் அந்த ஜனங்கள் அழுதுகொண்டு உட்காரவில்லை, வீடுகளைப் பெயர்த்து உருட்டுக் கட்டைகளின் மேல் ஏற்றி, கோவேறு கழுதைகளைப் பூட்டி இழுத்து, ஊரையே ரயிலடிக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். கடைசியில் சர்ச் கட்டடத்தை இழுத்து முடித்ததும் விழுந்து செத்த ஜூனோ என்ற கழுதையைப் புதைத்து, மேலே ஒரு கறுத்த மணற்கல்லை நட்டுப் பேரும் வெட்டினார்கள். ஆயில் கம்பெனி என்னை வெளியே அனுப்பிய பிறகு எனக்கென்று மிச்சமிருந்தது அந்த ஊர் மியூசியத்தின் சனிக்கிழமைகள்தான். பரம்பரை டெக்சாஸ்காரர்கள் அத்தனை பேர் இருக்க, வருகிறவர்களுக்கு அந்தக் கதையைச் சொல்ல, மியூசியத்தை நடத்தும் மிஸஸ் ஹோல்கம் என்னை நிறுத்தியிருந்தார்.

உன் மாமனார் கிட்டுசாமி காப்பெல் ஊரிலிருந்து புது வேனில் வந்தார். ஊரைக் காட்டலாமே என்று நான்தான் எல்லோரையும் கூட்டிப்போனேன். கல்லைப் பார்த்ததும், "சம்பந்தி, கல்லு அம்சமா இருக்குதுங்க, இங்கயே வண்டிக்குப் பூஜை போட்டுரலாமுங்க" என்றார். இது கழுதையின் சமாதி என்றேன். "நம்ம நந்தி மாதிரின்னு வெச்சுக்கங்க" என்று சிரித்தார். வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று நினைத்து மியூசியத்துக்குள் போனேன். திரும்பி வந்தால் டயருக்கடியில் எலுமிச்சம்பழம், தரையில் கற்பூரம், தேங்காயைக் கல்லின் மேலேயே அடித்து உடைத்திருக்கிறார், ஜூனோ என்ற பேரில் பாதி பெயர்ந்து கிடக்கிறது. பின்னாலேயே வந்த மிஸஸ் ஹோல்கம் யார் செய்தது என்று கேட்டபோது உன் மாமனார் தேங்காய்ச் சில்லைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். நீ சிரித்த முகத்தோடு ஆங்கிலத்தில், எங்கப்பா சில சமயம் கொஞ்சம் அதிகமாகப் போய்விடுவார், அவருக்காக நான் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன் என்றாய்.

காரில் ஏறியதும் என் காதருகே, "மாமாவை எப்படிப்பா காட்டிக்குடுக்கறது, நீங்கன்னா பொறுத்துப்பீங்க" என்றாய். என் பொறுமையை நீ அப்படிச் செலவழித்தாய். கட்டிக்கொடுத்த பெண் புகுந்த வீட்டைப் பார்க்கத்தான் வேண்டும், அதை உனக்குச் சொல்லி அனுப்பியவனும் நான்தான். அதற்குப் பெற்றவனை விற்றுத்தான் பார்க்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. நான் அங்கேயே மறுத்திருக்கலாம். மறுத்தால் நீ பொய் சொன்னாய் என்று ஆகும். அந்த அம்மாள் முன்னால் உன்னைப் பொய்க்காரி ஆக்க எனக்கு வாய் வரவில்லை. என்னைக் குற்றவாளி ஆக்க உனக்கு வந்தது. மறுவாரமே மிஸஸ் ஹோல்கம், நீங்கள் கொஞ்ச காலம் ஓய்வெடுங்கள் என்று மரியாதையாகச் சொல்லி மியூசியச் சாவியை வாங்கிக்கொண்டார். இப்போது சனிக்கிழமைகளில் அம்மாவுக்குக் கடையில் வண்டி தள்ளுகிறேன். உன் மாமனார் அந்த வேனின் படத்தை ஃபேமிலி குரூப்பில் போட்டு, சம்பந்தி ஊரில் பூஜை அமோகம் என்று எழுதியிருக்கிறார். நீ அதற்கு ஹார்ட் போட்டிருக்கிறாய்.

தலைக்குக் குளித்த ஈரத்தோடு வெளியே போகாதே. மாப்பிள்ளையைப் பனியில் மெதுவாக ஓட்டச் சொல். இருவரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் வாழ வேண்டும், அதில் எனக்கு இரண்டாம் எண்ணம் கிடையாது. எனக்கு சாரி என்று மெசேஜ் அனுப்ப வேண்டாம். மிஸஸ் ஹோல்கமைக் கூப்பிட்டு, தேங்காயை உடைத்தது யார் என்று மட்டும் சொல். உன் மாமனாருக்குச் சங்கடமாக இருக்கும், இருக்கட்டும். மறக்காதே, நீ சொல்லும் வரை நானாக அந்த அம்மாளிடம் எதுவும் சொல்லப் போவதில்லை.

இப்படிக்கு,
உனக்காக வாயை மூடிக்கொண்டிருக்கும் அப்பா,
குமாரசாமி