வேழன் முதலில் குதிப்பான்

மார்ச் 3, காலை 6.20

தீவு நிலையம், வளர்ப்புக்கூடம். எழுதுவது பூங்கோதை, உயிரியல் ஆய்வாளர். இங்கே வேறு ஆளில்லை.

பன்னிரண்டு வேழன்கள் வளர்ப்புத் தொட்டியிலிருந்து வெளியே எடுக்கப்பட்டார்கள். நாடி சீர். எல்லோருக்கும் அதே முறுக்கு மீசை, அதே புருவத் தழும்பு. வீடியோ கேமில் ஊரே கொண்டாடும் வேழனை அச்சு அசலாகச் சதையில் கொண்டுவந்துவிட்டேன் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். பிடரியில் ரிசீவர் பொருத்தியாயிற்று. இனி ஊரில் யாரோ விரலசைத்தால் இவர்கள் நடப்பார்கள். நிஜ உடம்பு என்று ஆடுகிறவர்களுக்குத் தெரியக்கூடாது. கம்பெனி உத்தரவு.

மார்ச் 3, மாலை 4.05

ஒன்பது பேர் செத்துவிட்டார்கள்.

ஆட்டத்தில் பிடிக்க வேண்டிய கோட்டைக்குப் போகும் பாதை இடப்பக்கம். ஒருவனும் அந்தப் பக்கம் திரும்பவில்லை. நேராகப் பாறை உச்சிக்குப் போய்க் குதித்தார்கள். ஆடுகிறவர்களின் பேச்சை ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டேன்.

"மாப்ள, எந்த கேமா இருந்தாலும் மொதல்ல உச்சியிலேருந்து குதிக்க வச்சிரணும்டா. எவ்ளோ தாங்குவான்னு தெரிஞ்சிரும்ல."

"டேய், கால் எப்படி மடங்குது பாரு! செம கிராபிக்ஸ்டா!"

அந்தக் கால்காரனுக்கு உடனே உயிர் போகவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். வேறென்ன செய்ய?

மார்ச் 9, காலை 10.15

உச்சியில் வேலி போடச் சொல்லிக் கேட்டேன். ஊரிலிருக்கும் மேலாளர் அருள்செல்வத்தின் பதில்:

"வேலியா? மேடம், ஒருத்தன் குதிச்சுச் செத்தாத்தான் ஆடுறவங்க காசு குடுத்து அடுத்த வேழனை வாங்குறாங்க. அதுல கைய வைக்காதீங்க. நீங்க வளர்த்துக் குடுங்க, போதும்."

நல்ல மனுஷன். மகளுக்குப் பிறந்தநாள் என்று போன வாரம்தான் லீவு போட்டார்.

மார்ச் 14, பிற்பகல் 2.30

நாலு நாள் முன்பு எடுத்த புதுத் தொகுதியில் ஒருவனுக்கு ரிசீவர் ஒட்டவில்லை. விதிப்படி தொட்டியிலேயே கரைத்து அழித்துவிட வேண்டும். கரைக்கவில்லை. பெயர் வைக்கக்கூடாது என்று இருந்தேன், அதுவும் முடியவில்லை. இன்பன்.

நான் போகும் இடமெல்லாம் பின்னாலேயே வருகிறான். கஞ்சி கொடுத்தால் என்னைக் குடிக்க வைத்துவிட்டுத்தான் குடிக்கிறான். பேச்சு வரட்டும் என்று ஸ்பீக்கரை நாள் முழுக்க ஓடவிட்டிருக்கிறேன். நான் பேசி வளர்க்க எனக்கு நேரமேது? ஜன்னலோரம் உட்கார்ந்து கேட்கிறான். இன்று முதல் வார்த்தை பேசினான்: "செம." அப்போது ஒரு வேழன் உச்சியிலிருந்து விழுந்துகொண்டிருந்தான். எனக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. வார்த்தை வந்ததே என்று.

மார்ச் 20, மாலை 5.40

பொறுக்க முடியவில்லை. ஆடுகிறவர்களின் எல்லா இணைப்பிலும் பேசினேன்.

"இவங்க பொம்மை இல்லைங்க. ரத்தமும் சதையுமா இருக்காங்க. வலிக்குதுங்க அவங்களுக்கு. தயவுசெஞ்சு நிறுத்துங்க."

வந்த பதில்கள்:

"இப்படி ஒரு அக்கா கதைல வர்றாங்களா? யாரும் சொல்லவே இல்லையேடா!"

"அக்கா, இன்னொரு தடவ அழுங்க. ரெக்கார்டு பண்ணிக்கிறேன்."

பிறகு அருள்செல்வம்: "மேடம், கூட்டம் ரெட்டிப்பாயிருச்சு! தினமும் ஒருதடவ இப்படிப் பேசிருங்க."

மார்ச் 21, காலை 7.10

ஆன்டெனாவைக் கோடரியால் வெட்டிச் சாய்த்தேன். முப்பது வேழன்களும் நின்ற இடத்திலேயே நின்றார்கள். யார் கையும் இனி அவர்கள்மேல் இல்லை. தொட்டிகளையும் அணைத்துவிட்டேன். இவர்களைக் காப்பாற்றிவிட்டேன். இதைப் படிப்பவரே, அந்தக் காலைப்பொழுது எனக்கு உண்மையாகவே இனித்தது.

மார்ச் 22, பகல் 12.50

ஆட்டுவிக்க யாருமில்லை. ஆனாலும் போனார்கள்.

முதலில் ஒருவன் எழுந்து உச்சிக்கு நடந்தான். மற்றவர்கள் வரிசையாகப் பின்னால். கால்களுக்கு வேறு வழி யாரும் கற்றுத்தரவில்லை. குறுக்கே விழுந்து கத்தினேன். ஒருவனின் சட்டையைப் பிடித்தேன், சட்டைதான் கையில் தங்கியது. என் கணுக்கால் முறிந்துவிட்டது. முப்பது பேரும் போய்விட்டார்கள்.

இன்பன் ஜன்னலில் நின்று கைதட்டினான்.

அவனையாவது கரையேற்ற வேண்டும். மாதக் கடைசியில் சரக்குப் படகு வரும். அதுவரை தாங்கினால் போதும்.

மார்ச் 23, காலை 9.30. குரல் பதிவு

எழுத முடியவில்லை, காய்ச்சல். இன்பன் என்னைத் தூக்கிக்கொண்டான். எத்தனை பதமாகத் தூக்குகிறான்! படுக்கைக்குத்தான் கொண்டுபோகிறான் என்று நினைத்தேன். வெளியே வந்துவிட்டோம். காற்று பலமாக அடிக்கிறது, பாறை உச்சி தெரிகிறது. இன்பா, எங்கடா போற? இறக்கி விடு. இன்பா!

"அக்கா, கால் ஒடஞ்சிருச்சுல்ல. இந்த அக்கா வேணாம்."

ஐயோ, வேண்டாம்டா. சொன்னாக் கேளு.

"பயப்படாதீங்க. தொட்டியிலேருந்து வேற அக்கா வருவாங்க. நான் கஞ்சி எடுத்து வச்சிருக்கேன்."

இன்பா, எனக்குத் தொட்டி கிடையாதுடா. நான் ஒருத்திதான், நான் ஒருத்தி