மனைவி என்ற இடத்தில் வேறு பெயர்

முன்னாள் வீட்டுக்காரருக்கு,

நலம்தானே? நலத்துக்கென்ன, புதுமாப்பிள்ளையாயிற்றே. உங்கள் கல்யாணச் செய்தி எனக்கு ஆஸ்பத்திரி கவுண்டரில்தான் கிடைத்தது.

பித்தப்பையில் கல். ஆபரேஷனுக்குச் சேரப் போனவள், வழக்கம்போல உங்கள் ஆபீஸ் இன்சூரன்ஸ் அட்டையை நீட்டினேன். விவாகரத்துக்குப் பிறகும் நீங்கள் என் பெயரை அதிலிருந்து எடுக்காமல் விட்டிருந்தீர்கள்; நானும் ஞாபகப்படுத்தவில்லை. உங்களுக்கு அது வெறும் மறதியாக இருக்கலாம். நான் வேறு ஏதோ நினைத்துக்கொண்டிருந்தேன்.

கவுண்டர் பெண் கம்ப்யூட்டரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். "உங்க பேரு இதுல இல்லையேக்கா. மனைவின்னு வேற ஒருத்தங்க இருக்காங்க."

"வயசு என்ன போட்டிருக்கு?"

"அதெல்லாம் சொல்லக்கூடாதுக்கா."

"நாப்பதுக்கு மேலயா, கீழயா? அது மட்டும் சொல்லும்மா."

"கீழதான்" என்றாள், ஏதோ அவளே பெண் பார்த்துக் கொடுத்த மாதிரி தலையைக் குனிந்துகொண்டு. அந்த நேரம் பார்த்து உள்ளே ஒரு குத்துக் குத்தியது. கல்தான்.

போகட்டும். உங்கள் அட்டையில் கட்டிய கடைவாய்ப் பல் இன்னும் என் வாயில்தான் இருக்கிறது. அதை உங்கள் புது மனைவிக்கு மாற்றித் தர முடியாது.

பொது ஆஸ்பத்திரியில் இடம் கிடைத்துவிட்டது, வியாழக்கிழமை ஆபரேஷன். கவலைப்பட வேண்டாம். அவளிடம் சொல்லவும் வேண்டாம்.

இன்னொன்று. "தவறுதலா எடுத்திருப்பாங்கக்கா, புகார் போட்டுடவா?" என்று அந்தப் பெண் கேட்டபோது, வாய் சும்மா இல்லாமல் சரி என்றுவிட்டேன். இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து உங்களுக்குப் போன் வரும். என் பெயரை எடுத்தது தவறுதலாகவா என்று கேட்பார்கள். இல்லை என்றே சொல்லுங்கள். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பழைய தலைவலி