அட்டைக்கு அடியில் மாரப்பன்

ஏனுங்க, உங்களைத்தான்.

எங்கே இருந்தாலும் அந்தப் பூதக்கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்சம் கேளுங்கள். உயிரோடு இருந்தபோது நான் வாயைத் திறந்தாலே "இரு புள்ள, இந்தப் பட்டனை மட்டும் பாத்துக்கறேன்" என்பீர்கள். இப்போது உங்கள் முன்னால் எந்தப் பட்டனும் இல்லை. நான் சொல்வதைக் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

குன்னூர் மார்க்கெட்டில் நம் பிரேம் கடை திறந்துதான் இருக்கிறது. சாமி படம், கல்யாணப் படம், செத்தவர் படம் என்று ஏதோ வருகிறது. உங்கள் படத்துக்கும் நானேதான் கண்ணாடி வெட்டினேன். ஒரு நூல்கூடப் பிசகவில்லை. அவ்வளவு கோபத்தில் இருந்தேன்.

கோபம் எதற்கு என்று தெரியாத மாதிரி விழிக்காதீர்கள். அரவேணு ருக்மணி அக்கா படத்துக்குத்தான். உங்களுக்குத் தெரிந்த கதைதான். ஆனாலும் முதலிலிருந்து சொல்லித்தான் திட்டுவேன், அப்போதுதான் எனக்கு ஆறும்.

கறையான் அரித்த சட்டத்தை மாற்றத்தான் அக்கா அதைக் கொண்டுவந்தார். பட்டாள உடுப்பில் ஒருவர், தலையில் பாகை, பக்கத்தில் ஒரு கோவேறு கழுதை. சட்டைக் கையை மேலே மடித்து விட்டிருந்தார். அக்காவின் வீட்டுக்காரருடைய தாத்தாவாம், வெள்ளைக்காரன் காலத்துச் சண்டைக்குப் போய் உயிரோடு திரும்பியவராம்.

"பேரென்னங்க?" என்று கேட்டீர்கள்.

"பட்டாளத்தார்னு சொல்லுவாங்க. பேரு தெரியலீங்க" என்றார் அக்கா.

எப்படித் தெரியும்? மாமனார் பெயரை மருமகள் சொல்லக் கூடாது என்று அக்காவின் மாமியார் கடைசிவரை சொன்னதில்லை. பிள்ளைகளுக்கு அவர் அய்யன், ஊருக்குப் பட்டாளத்தார். மரியாதை கொடுத்துக் கொடுத்தே ஒரு மனுஷனின் பெயரைத் தொலைத்துவிட்டார்கள்.

உங்களுக்கு அது போதுமே! பழைய பட்டாளப் படம் எது வந்தாலும் சட்டத்தை மாற்றிக் கொடுத்தோமா, காசை வாங்கினோமா என்று விட்டவரா நீங்கள்? தோளில் என்ன எழுத்து, பாகையில் என்ன சின்னம், காலில் பட்டி எப்படிச் சுற்றியிருக்கிறது என்று பார்த்து, அந்த ஆள் எந்தப் படை, என்ன வேலை பார்த்தார் என்று வீட்டுக்காரர்களுக்குச் சொன்னால்தான் உங்களுக்குச் சோறு இறங்கும். இந்தப் படத்தில் பாகைக்கு நடுவே சிவப்பாக ஒரு வட்டம் இருந்தது. "ஸ்டுடியோக்காரன் கையால வண்ணம் தீட்டியிருக்கான் புள்ள. செவப்புச் சின்னம் வெச்ச படை, லேசுல கிடைக்காது" என்று குதித்தீர்கள். பழைய படம் தேடிக் கடை கடையாக அலைவாரே, பெங்களூர்க்காரர் ஒருவர், அவரிடமும் அதையே அளந்தீர்கள்.

அப்புறம் அக்கா வந்தார். சின்னத்தைக் காட்டிக் கேட்டதும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாரே, மறக்க முடியுமா?

"அது நான் வெச்ச பொட்டுங்க. கண்ணாடி ஒடஞ்சு ரொம்ப நாளாச்சு. பாகை நெத்திய மறைச்சிருக்குது, வேற எங்க வெக்கறது? அமாவாசைக்கு அமாவாசை அங்கதானுங்க வெப்பேன்."

நிஜச் சின்னத்தைக் குங்குமம் தின்றுவிட்டிருந்தது. நான் அன்றைக்கு முழுக்கச் சிரித்தேன். உங்களுக்கு மூஞ்சி செத்துவிட்டது. ஆனால் அதற்குப் பிறகுதான் தலையை விட்டுவிட்டுக் கையைப் பார்த்தீர்கள். முழங்கைக்குக் கீழே பச்சை குத்தியிருந்தது. "புள்ள! பேரு கையிலயே இருக்குது!" என்று நீங்கள் போட்ட சத்தத்தில் எதிர்க்கடைக்காரர் எழுந்து வந்துவிட்டார்.

மாரப்பன்.

அக்கா கும்பிட்டார். பெயரை மட்டும் சொல்லவில்லை. "நான் மனசுக்குள்ள சொல்லிக்கறனுங்க" என்றார். அவரும் அந்த வீட்டு மருமகள்தானே.

அதோடு நிறுத்தியிருக்கக் கூடாதா? கண்காட்சி வைக்கிறேன், படத்தைக் கொடுங்கள் என்று பெங்களூர்க்காரர் கேட்டதும் அக்கா தயங்கினார், அமாவாசைக்குப் படைக்க வேண்டும் என்று. "நானாச்சுங்க. அமாவாசைக்குள்ள உங்க ஊட்டு ஆணியில நானே வந்து மாட்டறேன்" என்றீர்கள். பெயரையும், அந்தச் சிவப்பு வெறும் பொட்டு என்பதையும் அவரிடம் சொல்லித்தான் கொடுத்தீர்கள். படம் போயிற்று. அடுத்த வாரமே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நீங்களும் போனீர்கள். நல்ல மனுஷன் என்ற பெயர் உங்களோடு போய்விட்டது, அந்த 'நானாச்சு' மட்டும் என் தலையில் விழுந்தது.

அக்கா சண்டை போட்டிருந்தால் தேவலை. மாதாமாதம் பஸ் ஏறி வந்து, கடை வாசலில் நின்று, "வந்துருச்சுங்களா?" என்று மட்டும் கேட்கிறார். அவர் வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். வெறும் ஆணிக்குக் கீழே சுவரில் பொட்டு வைத்திருக்கிறார். எனக்கு அழுகை வரவில்லை, உங்கள் மேல் ஆத்திரம்தான் வந்தது.

பெங்களூர்க்காரருக்குப் போன் போட்டேன். படம் கோத்தகிரி ரோட்டில் உள்ள ஒரு பழைய பங்களாவில் மாட்டியிருக்கிறதாம். இப்போது அது ஓட்டல். பெயர் எழுதினீர்களா என்று கேட்டேன்.

"பேர் போட்டா அது ஒரு குடும்பத்துப் படமாப் போயிரும்மா. யாருன்னு தெரியாதுன்னு போட்டாத்தான் வர்றவங்க நின்னு பாக்கறாங்க."

கேட்டீர்களா? யார் என்று கண்டுபிடிக்க நீங்கள் கண்ணைக் கெடுத்துக்கொண்டீர்கள். யாரும் கண்டுபிடித்துவிடக் கூடாது என்பது அவருக்கு வியாபாரம். பெயர் இருந்தால் சொந்தக்காரர் வந்து நிற்பார் இல்லையா?

போன அமாவாசையன்று அக்காவும் நானும் போனோம். பட்டாளத்தார் மாடிப்படிச் சுவரில் இருந்தார். கீழே இருந்த இங்கிலீஷ் கார்டை ஓட்டல் மேனேஜர் எங்களுக்குத் தமிழில் படித்துச் சொன்னார். பெயர் தெரியாத சிப்பாயாம். பாகையில் உள்ள சிவப்புச் சின்னம் அபூர்வமான ஒரு படையைச் சேர்ந்ததாம். நீங்கள் சரியாகச் சொன்னதைக் குப்பையில் போட்டுவிட்டு, தப்பாக உளறியதை மட்டும் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறார்கள். சந்தோஷம்தானே?

எனக்கு வயிறு எரிந்தது அதற்குக்கூட இல்லை. படத்தைச் சுற்றிப் புதிதாக அகல அட்டை வைத்துச் சட்டம் போட்டிருந்தார்கள். கழுதையின் காது வரைக்கும் தெரிகிறது. முழங்கைக்குக் கீழே கை அட்டைக்கு அடியில் போய்விட்டது. இத்தனை வருஷம் அட்டை வெட்டியவள் நான், எதற்காக அங்கே வெட்டினார்கள் என்று எனக்கா தெரியாது?

"இவங்க ஊட்டுப் பெரியவருங்க இவரு" என்றேன்.

மேனேஜர் மரியாதையாகத்தான் பேசினார். "அப்படீங்களா? அப்ப பேரைச் சொல்லுங்களேன்ம்மா."

நான் சொல்ல வாயெடுத்தேன். அக்கா என் கையைப் பிடித்து நிறுத்தினார். முந்தானையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டு, படத்தைப் பார்த்து, "மன்னிச்சுக்குங்க சாமி" என்றார். பிறகு மேனேஜர் பக்கம் திரும்பி, மூன்று தலைமுறையாக அந்த வீட்டு மருமகள்கள் வாயில் வராததைச் சொன்னார். "மாரப்பன். இவரு பேரு மாரப்பனுங்க."

மேனேஜர் மறுபடி கார்டைக் குனிந்து பார்த்தார். "கார்டுல அப்படி இல்லையேம்மா."

"அந்த அட்டையக் கழட்டுங்க, கையில பச்சை குத்தியிருக்குது, நீங்களே படிக்கலாம்" என்றேன். பெங்களூர் சார் இல்லாமல் தொட முடியாது என்றார். சார் எப்போது வருவார் என்றேன். தெரியாது என்றார். அக்கா படத்துக்குப் பக்கத்தில் போனார். மடியிலிருந்து குங்குமத்தை எடுத்து, கண்ணாடிமேல், பாகைக்கு நடுவில், வழக்கமான இடத்தில் வைத்தார். நாங்கள் படி இறங்குவதற்குள் ஒரு ஆள் வந்து துடைத்துவிட்டான். அக்கா நின்று அதையும் பார்த்தார்.

பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "பேரையும் சொல்லிப்போட்டனே. அதுக்கும் ஒண்ணும் ஆகலையே" என்றார். அரவேணு வரும்வரை அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. 'நானாச்சு' என்றவர் நீங்கள்தானே? நீங்கள் சொல்லுங்கள் பார்ப்போம்.

சரி, கேட்டுக்கொள்ளுங்கள். அடுத்த அமாவாசைக்கும் போகிறோம், அதற்கடுத்ததற்கும் போகிறோம். அவர்கள் துடைக்கட்டும், அக்கா வைப்பார். அந்த அட்டையை என் கையால் கழற்றி, மாரப்பன் என்று பெயர்ச்சீட்டு ஒட்டி, அரவேணு வீட்டு ஆணியில் மாட்டாமல் நான் விடப்போவதில்லை.

உங்கள் படமும் கடையில்தான் தொங்குகிறது, மாலையோடு. செத்தவர் படத்துக்குக் கீழே பெயர்ச்சீட்டு ஒட்டுவது நம் கடை வழக்கம். உங்கள் சீட்டை எழுதி மேசைக்குள் வைத்திருக்கிறேன், ஒட்டவில்லை. முதலில் அவருக்கு, அப்புறம்தான் உங்களுக்கு. அதுவரை வருகிறவர் போகிறவர் யார் இவர் என்று கேட்டால், தெரியாது என்றுதான் சொல்லப் போகிறேன்.

இந்த நாள்வரை உங்கள் பெயரை வாய்விட்டுச் சொல்லாத
உங்கள் மனைவி,
தனலட்சுமி