தெற்குச் சுவரில் ஒரு மலை

அங்கேயாவது காலை நீட்டிப் படுத்திருக்கிறாயா, என் ராசாத்தி அக்கா?

அடுத்த வாரம் ஈப்போவில் இந்தச் சிலிபின் வீட்டைக் காலி செய்கிறேன். சட்டிபானை முதல் சாமி படம் வரை எல்லாம் பெட்டிக்குள் போய்விட்டன. உன் காலண்டர் படம் மட்டும் பாக்கி. மூன்று நாளாக அதன் கீழே போய் நிற்பதும் ஆணியைத் தொட்டுப் பார்ப்பதும் திரும்பி வருவதுமாக இருக்கிறேன். நீ இருந்திருந்தால், "என்னடி பாப்பா, ஆணியோட என்ன பேச்சுவார்த்தை?" என்று கேட்டிருப்பாய். பேச்சு உன்னோடுதான் அக்கா. மூன்று வருஷமாகத் தொண்டையில் நிற்கிற ஒன்றை இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும்.

அந்தப் படம் வந்த நாள் நினைவிருக்கிறதா? நான் வேலை செய்யும் ஜப்பான்காரன் தொழிற்சாலையில் வருஷா வருஷம் கொடுக்கும் காலண்டர். மே மாதத்துக்கு ஓர் ஏரி, ஏரிக்குப் பின்னால் உச்சியில் பனியோடு ஃபூஜி மலை. மே முடிந்தும் தாளைக் கிழிக்க நீ விடவில்லை. பக்கத்து வீட்டு லெட்சுமி அக்கா, "உங்க வூட்டுல மட்டும் எப்பவும் மே மாசந்தானா?" என்று கேலி செய்வார். "ஆமாலா, எங்களுக்கு வயசே ஏறாது" என்பாய். அதைத் தெற்குச் சுவரில் ஆணி அடித்து மாட்டியது நான்தான். இதை ஞாபகம் வைத்துக்கொள்.

உனக்கு ஏன் அந்தப் படத்தின் மேல் அப்படி ஒரு பைத்தியம் என்று எனக்குத் தெரியும். ரப்பர் தோட்டத்தில் வரிசை வீடுகளான நம் லயத்தில் சன்னலைத் திறந்தால் எதிர் லயத்துச் சுவர். மேட்டில் துரை பங்களா. அங்கிருந்து பார்த்தால் மலையெல்லாம் தெரியும் என்று, அங்கே துணி துவைக்கப் போன நீ வந்து சொல்வாய். "நல்லதப் பாக்குற சன்னல் எல்லாம் அவனுங்களுக்குத்தான்" என்று பல்லைக் கடிப்பாய். இருபது வருஷம் பால்மரம் வெட்டி முட்டி தேய்ந்து சிலிபினுக்கு வந்தாய். இங்கேயும் சன்னலுக்கு வெளியே பக்கத்து வீட்டுச் சுவர்தான்.

எண்பத்தைந்தில் எனக்கு ஜப்பானில் மூன்று மாதப் பயிற்சி கிடைத்தது. பயிற்சி முடிந்ததும் இரண்டு நாள் ஏரிப் பக்கம் சுற்றலாம், வேண்டாதவர்கள் முன்னதாகவே ஊர் திரும்பலாம் என்றார்கள். தங்கும் இடங்களின் படம் போட்ட தாள் ஒன்றும் கொடுத்தார்கள். அதை நாம் சாப்பாட்டு மேசையில் விரித்து வைத்து ஒரு வாரம் சண்டை போட்டோம்! பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்த பெரிய ஹோட்டல்தான் வசதி என்றேன் நான்.

"சீ, இது மலைக்கு முதுகக் காட்டிட்டு நிக்குது. போறது மலையப் பாக்கவா, பஸ்ஸப் பாக்கவா?"

தென்கரையில் ஒரு வீடு காட்டினேன். அங்கே தண்ணீர் ஒரு பக்கம், மலை மறுபக்கம். அதையும் தள்ளிவிட்டாய். எழுத்து ஒன்றும் புரியாமல் படத்தை மட்டும் பார்த்தே, வடகரையில் இருந்த சின்னச் சத்திரத்தில் விரலை வைத்தாய். சன்னலுக்கு எதிரே ஏரி, ஏரிக்கு அந்தப் பக்கம் மலை.

"இதுல தங்கு. படுத்துக்கிட்டே மலையப் பாரு. பாத்துட்டு வந்து எனக்குச் சொல்லு."

இனிமேல்தான் நான் சொல்ல வேண்டியது.

ஏரிக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள், வெள்ளிக்கிழமை, முனைக் கடைக்குப் போன் போட்டேன். கடைக்காரர் உன்னைக் கூட்டி வந்தார். "லேசாக் காய்ச்சல்தான்லா. மாத்திரை போட்டேன்" என்றாய். ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவில் மூச்சு இழுத்தது. "ஏன்க்கா மூச்சு வாங்குது?" என்றேன். "போனுன்னு சொன்னாங்களா, ஓடியாந்தேன். நீ போய்ட்டு வா. அந்தத் தண்ணிப் பக்கத்து வூடுதானே?"

ஓடி வந்தாயாம். மாடிப்படி பார்த்தாலே முகம் சுளிக்கிற உன் முட்டியை எனக்குத் தெரியாதா? தெரியும் அக்கா. சத்தியமாக அந்த நிமிஷமே தெரியும். இன்னொரு கேள்வி கேட்டிருந்தால் நீ உண்மையைச் சொல்லியிருப்பாய். நான் சனிக்கிழமையே ஊருக்கு விமானம் ஏற வேண்டி வந்திருக்கும். ஏரிப் பயணம் போயிருக்கும். அதற்குப் பயந்துதான் கேட்கவில்லை. "சரிக்கா, உடம்பப் பாத்துக்கோ" என்று வைத்துவிட்டேன். பாவி.

நீ கை வைத்த சத்திரத்திலேயே தங்கினேன். வெளிச்சம் இருக்கும்போதே சாப்பாடு போட்டு, பாயின் மேல் மெத்தையை விரித்துவிட்டுப் போனாள் அந்த வீட்டு அம்மாள். படுத்துப் பார்த்தேன், மலை தெரியவில்லை. எழுந்து மெத்தையை இழுத்து, கால் சன்னல் பக்கம் வருகிற மாதிரி திருப்பிப் போட்டேன். ஐயோ அக்கா, என் இரண்டு பாதத்துக்கும் நடுவில் முழு மலையும்!

டீ கொண்டுவந்த அம்மாள் பதறிப்போய்விட்டாள். தலைமாட்டைக் காட்டினாள், கண்ணை மூடினாள், நெஞ்சின் மேல் கையைக் கோத்து விறைப்பாக நின்று காட்டினாள். எனக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. வலது கைப் பக்கம் சூரியன் இறங்குவதைப் பார்த்த பிறகுதான் உறைத்தது. என் தலை வடக்கே! அவர்கள் ஊரிலும் பிணத்துக்குத்தான் அப்படியாம். "வடக்க தல வைக்காதடி" என்று என் பாயைச் சுருட்டிச் சுருட்டித் திருப்புவாயே, அதே வேகத்தில் அவளும் மெத்தையைத் திருப்பிப் போட்டுவிட்டுப் போனாள். ஜப்பானிலும் நமக்கு ஓர் அக்கா இருக்கிறாள் என்று உன்னிடம் சொல்லிச் சிரிக்க வேண்டும் என நினைத்தேன்.

அவள் போனதும் மறுபடி திருப்பிப் போட்டேன். படுத்துக்கொண்டே பார்க்கச் சொன்னது அக்காதானே என்று எனக்கு நானே சாக்கு சொல்லிக்கொண்டேன். பொய். ஆசை எனக்குத்தான்.

ஞாயிறு காலை நீ போய்விட்டாய். திங்கட்கிழமை பயிற்சி விடுதிக்குத் திரும்பின பிறகுதான் சேதி தெரிந்தது. நான் ஈப்போ வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. உன் முகத்தைக் கூடப் பார்க்கவில்லை.

லெட்சுமி அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "ஆஸ்பத்திரிக்கு வாடின்னு கெஞ்சுனேன். 'பாப்பா வந்துரும், அதோட போறேன்'னுட்டா. சனிக்கெழம சாயங்காலம் திடீர்னு பாயத் திருப்பிப் போடுன்னா. வடக்க தல வருதுடி, வேணாம்னேன். கேக்கலியே! 'பாப்பா இப்ப அங்கதான் படுத்துருக்கும். நானும் படுத்துக்கிட்டே பாக்குறேன்'னா. அந்தப் படத்தப் பாத்துட்டேதான் கெடந்தா."

ஊருக்கெல்லாம் சட்டம் போட்ட நீ, எனக்காக அதை மீறினாயா? எனக்குத் துணையாகவா? சாஸ்திரம் ஒன்றும் உன்னைக் கொல்லவில்லை, அந்த அளவுக்கு எனக்கும் புத்தி இருக்கிறது. காய்ச்சல் கொன்றது. நான் கேட்காத கேள்வி கொன்றது. ஆனாலும் அந்த ஆணியைப் பார்க்கும்போதெல்லாம் தோன்றுகிறது: எதிர்ச் சுவரில் அடித்திருந்தால் நீ ஒழுங்காகத் தெற்கே தலை வைத்தே பார்த்திருப்பாயே?

புது வீடு ஊருக்கு வெளியே. ஏழு வீடு பார்த்தேன். இதைத்தான் பிடித்தேன். சமையல்கட்டுச் சன்னலைத் திறந்தால் சுண்ணாம்பு மலை ஒன்று நேரே நிற்கிறது. லெட்சுமி அக்காவும் என்னோடு வருகிறார். தனியாக இருமிக்கொண்டிருந்தார். நேற்று "ஒண்ணுமில்லலா" என்றார். நான் விடவில்லை. நாளைக்கு டாக்டரிடம் போகிறோம்.

உன் மலையை இன்றைக்குக் கழற்றுகிறேன் அக்கா. அங்கே வடக்குச் சுவரில் மாட்டுவேன், இது சத்தியம். நீ வந்தால் பாயைத் திருப்ப வேண்டாம்.

இன்னொரு கேள்வி கேட்டிருக்க வேண்டிய
உன் தங்கச்சி,
செல்வி