வேப்பிலை வீட்டில் திருட்டு

பங்குனி 9, திங்கள்
ஊர் முழுக்க வீட்டுக்குள் கிடந்தால் திருட்டு குறையுமா, இடம்தான் மாறுமா? எனக்குத் தெரியவில்லை.

காலையிலேயே வெக்கை. அம்மை காரணமாகப் பள்ளிக்கூடம் மூடி இருபது நாள். சந்தை இல்லை. பூந்தமல்லிக்குள் வெளியூர் வண்டி இல்லை.

எதிர்வீட்டுக் கனகம்மாள் மகனுக்கு அம்மை. வாசலில் வேப்பிலை. பால்காரன்கூடப் படியோடு சரி. நேற்று அவள் பின்கதவு வழியாக இரண்டு பித்தளை அண்டா, ஒரு பட்டுப்புடவை போய்விட்டன. தாழ்ப்பாளே போடவில்லையாம். "ஆத்தா வந்துகீற ஊட்ல எவன் நொழைவான்னு இருந்துட்டேன்" என்று அழுகை.

வேலைக்கு வரும் அஞ்சலையிடம் சொன்னேன்: "ஏற்கெனவே அம்மை கண்டவன்தான் பயமில்லாமல் போயிருப்பான்."

"அடேயப்பா, இன்னா மூளைம்மா ஒங்களுக்கு!"

கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

பங்குனி 10, செவ்வாய்
வாங்க: கற்பூரம், மை. கொடுக்க: முனுசாமி குதிரைக்குப் பழைய கோணி இரண்டு.

கிணற்றடியில் பேச்சு. "மூஞ்சி பூரா தழும்பு. ஜட்கா முனுசாமிதான், வேற யாரு?" "வாத்தியாரம்மாவே சொல்ட்டாங்களே!"

அஞ்சலையிடம் நான் பெயர் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. இந்தத் தெருவில் தழும்பு முகம் அவன் ஒருவனுக்குத்தான். ஒன்பது வருடம் அவன் வண்டியில்தான் பள்ளிக்கூடம் போகிறேன். மறந்து விட்ட குடையைக்கூடத் திருப்பிக் கொண்டு வந்தவன்.

மாலை அவன் மனைவி வாசலில். "படிச்சவங்க வாக்குன்னு போலீசுல இட்டுகினு பூட்டாங்கம்மா." கோணியைக் கொடுக்க முடியவில்லை.

பங்குனி 11, புதன்
போலீஸ் ஏட்டைப் பார்த்தேன். "அம்மை குத்திக்கொண்டவர்களுக்கும் பயமில்லை, ஏட்டையா. என் கையிலும் தழும்பு இருக்கிறது. என்னையும் பிடியுங்கள்."

"இன்னாம்மா தமாசு? அந்தத் தழும்பு எனக்குந்தான் கீது."

"அதைத்தான் சொல்கிறேன்."

சிரிப்பு நின்றது. காலையில் விட்டுவிடுவதாகச் சொன்னார்.

நாளை முனுசாமியை உள்ளே கூப்பிட்டு, நான்தான் சொன்னேன் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். "அதெல்லாம் இன்னாத்துக்கும்மா, உடுங்க" என்பான். அப்படித்தான் அவன்.

பங்குனி 12, வியாழன்
விட்டுவிட்டார்கள். அண்டா கிடைக்கவில்லை. திருடனும் இல்லை.

பத்து மணிக்கு முனுசாமி வந்தான். உள்ளே வரவில்லை. சொன்னேன்.

"தெரியும்மா."

கோணியை நீட்டினேன். வாங்கவில்லை.

"இஸ்கூல் தொறந்தா வேற வண்டி பாத்துக்கோங்க."